கைப்பேசியில் பதிவாகும் உடல்நலத் தரவு: யாருக்குச் சொந்தம், யார் பார்க்கலாம், எப்படிக் காப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், மாதவிடாய்த் தேதி, தூங்கிய நேரம் என்று உடம்பைப் பற்றிய விவரங்களை இன்று பெரும்பாலும் கைப்பேசியில்தான் எழுதிவைக்கிறோம். அவற்றைப் பற்றி உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், இந்தியச் சட்டத்தை முன்வைத்து அவற்றுக்கு நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

உடல்நலத் தரவு என்றால் மருத்துவமனை தரும் அறிக்கைகள் மட்டும்தானா?

இல்லை. கைக்கடிகாரம் எண்ணும் காலடிகள், இதயத்துடிப்பு, செயலியில் தட்டச்சு செய்த எடை, ஆன்லைனில் வாங்கிய மாத்திரையின் பெயர், ஆலோசனைக்கு முன் மருத்துவருக்கு அனுப்பிய புகைப்படம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். நேரடியாகச் சொல்லாமல் ஊகித்து அறியப்படும் விவரமும் இதே வகைதான். ஒருவரின் கைப்பேசி வாரம் மூன்று நாள் ஒரே டயாலிசிஸ் மையத்தில் நான்கு மணி நேரம் இருக்கிறது என்றால், அவருடைய சிறுநீரகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு ஆவணம் எதுவும் தேவையில்லை.

இந்தத் தரவு சட்டப்படி யாருக்குச் சொந்தம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். "என்னுடையதுதானே" என்ற பதிலை எதிர்பார்த்தே எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால், நிலத்துக்குப் பட்டா இருப்பதுபோல் உடல்நலத் தரவுக்கு உரிமையாளர் என்று ஒருவரைக் காட்டும் சட்டம் இந்தியாவில் இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொத்துரிமையைப் பற்றிப் பேசவில்லை. அது தரவுக்குரிய நபர் ஒருபுறம், அத்தரவைக் கையாளும் நிறுவனம் மறுபுறம் என்று வைத்து, முன்னவருக்குச் சில உரிமைகளையும் பின்னதற்குச் சில கடமைகளையும் வகுக்கிறது. எந்த விவரத்தை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது, பிழையைத் திருத்தச் சொல்வது, அழிக்கச் சொல்வது, கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது ஆகியவை அந்த உரிமைகள். ஒரு செயலியில் சேர்ந்த தரவை அப்படியே எடுத்துக்கொண்டு வேறொரு செயலிக்கு மாறும் உரிமை ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் இருக்கிறது. இந்தியாவில் 2019இல் கொண்டுவரப்பட்ட மசோதாவிலும் அது இருந்தது. 2023 சட்டத்தில் இல்லை. ஐந்து வருடச் சர்க்கரை அளவுகளை ஒரே செயலியில் சேர்த்துவைத்திருப்பவருக்கு இது சிறிய இழப்பல்ல.

ஆனாலும் "சொந்தம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போராடுவது நமக்கு நன்மை தராது என்றே நான் நினைக்கிறேன். சொந்தமானதை விற்கலாம், விற்றதைத் திரும்பக் கேட்க முடியாது. உடல்நலத் தரவு விற்கத்தக்க சொத்து என்று ஆகிவிட்டால், பணமுடை உள்ளவர்கள்தான் அதை முதலில் விற்பார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய நோயைப் பற்றிப் பேசும் உரிமை வாங்கியவரிடம் போய்விடும். யாராலும் விலைக்கு வாங்க முடியாததாக, எப்போது வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்ல வழிசெய்வதாக உள்ள உரிமைதான் நோயாளிக்கு வலிமை தரும். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னதும் இந்த வழியில்தான் செல்கிறது. தனியுரிமையை அவர்கள் அரசமைப்பின் 21ஆவது பிரிவு காக்கும் உயிர், தனிமனிதச் சுதந்திரம் ஆகியவற்றின் பகுதியாகவே கண்டார்கள்.

மருத்துவரிடம் சொல்வதற்கும் செயலியிடம் சொல்வதற்கும் என்ன வேறுபாடு?

மருத்துவருக்குத் தொழில்சார்ந்த ரகசியக் காப்புக் கடமை உண்டு. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகளின்படி, நோயாளி தம் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மனநலச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் 2017இல் வந்த இரண்டு தனிச் சட்டங்கள் கூடுதலான ரகசியப் பாதுகாப்பைத் தருகின்றன. எடை குறைக்கும் செயலியையோ தியானச் செயலியையோ நடத்தும் நிறுவனம் மருத்துவர் அல்ல, மருத்துவமனையும் அல்ல. மருத்துவ ஒழுங்குமுறைகள் அதைத் தொடுவதில்லை. திரையில் ஸ்டெதாஸ்கோப் படம் இருப்பதைப் பார்த்து, கிளினிக்கில் கிடைக்கும் அதே ரகசியக் காப்பு இங்கேயும் உண்டு என்று நம்பிவிடக் கூடாது.

2023 சட்டம் இப்போதே நடைமுறையில் இருக்கிறதா?

பகுதி பகுதியாக வருகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைப்பதற்கான பிரிவுகள் உடனே அமலுக்கு வந்தன. ஒப்புதல், உரிமைகள், கசிவு அறிவிப்பு, தண்டம் போன்ற முக்கியமான பிரிவுகளுக்குப் பதினெட்டு மாதக் கால அவகாசம் தரப்பட்டதால், அவை 2027 மே மாதத்தில்தான் முழுமையாகச் செயல்படத் தொடங்கும். அதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன்கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகளும்தான் துணை.

இந்த மாற்றத்தில் இரண்டு விஷயங்கள் எனக்குக் கவலை தருகின்றன. பழைய விதிகள் உடல்நலம், மனநலம், மருத்துவப் பதிவு ஆகியவற்றை நுண்ணுணர்வுத் தரவு என்று தனியே பிரித்துவைத்தன. புதிய சட்டம் அந்தத் தனி வகையையே எடுத்துவிட்டு, மின்னஞ்சல் முகவரியையும் புற்றுநோய் அறிக்கையையும் ஒரே தட்டில் வைக்கிறது. அடுத்தது, 43ஏ பிரிவின்கீழ் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க வழி இருந்தது. புதிய சட்டம் முழுமையாக வரும்போது அந்தப் பிரிவு நீங்கிவிடும். பாதுகாப்பில் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுநிதிக்குப் போகும். மானமும் நிம்மதியும் இழந்தவர் கைக்கு அதில் ஒன்றும் வராது.

செயலி கேட்கும் அனுமதிகளில் எதைக் கொடுக்கலாம், எதை மறுக்கலாம்?

என் அம்மாவுக்காகப் புளூடூத் வசதியுள்ள குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கினோம். காலை ஆறு மணி, வெறும் வயிறு. விரல் நுனியில் குத்தி ஒரு துளி ரத்தத்தைப் பட்டையில் வைத்ததும் கருவியில் 142 என்று வந்தது. கைப்பேசியில் மட்டும் வரவில்லை. முதலில் இருப்பிடத்துக்கு அனுமதி வேண்டும் என்றது செயலி, அடுத்துத் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது. "சர்க்கரை பார்க்கறதுக்கு நம்ம வீடு எங்க இருக்குன்னு இதுக்கு எதுக்குப்பா?" என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி.

இருப்பிட அனுமதிக்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருந்தது. ஆண்ட்ராய்டு 12க்கு முந்தைய பதிப்புகளில், சுற்றியுள்ள புளூடூத் கருவிகளைத் தேடுவதற்கு இருப்பிட அனுமதி கட்டாயம். அருகிலுள்ள கருவிகளை வைத்தே ஒருவர் நிற்கும் இடத்தைக் கணித்துவிடலாம் என்பதால் அப்படி வைத்திருந்தார்கள். 12ஆம் பதிப்பிலிருந்து "அருகிலுள்ள சாதனங்கள்" என்ற தனி அனுமதி வந்துவிட்டது. அம்மாவின் கைப்பேசி பழையது என்பதால் "செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். தொடர்பு எண்களுக்கு மறுத்தேன். செயலி எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது.

2023 சட்டத்தின் 6ஆவது பிரிவு ஏறக்குறைய இதையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. ஒரு பெண் தொலைமருத்துவச் செயலியை நிறுவுகிறார். அது ஆலோசனைக்கான விவரங்களோடு தொடர்பு எண்களையும் கேட்கிறது, அவர் இரண்டுக்கும் சரி என்கிறார். தொலைமருத்துவத்துக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால், அவருடைய ஒப்புதல் ஆலோசனைக்கான விவரங்களோடு நின்றுவிடும் என்கிறது சட்டம். இன்னொன்றையும் தமிழ் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமல்லாமல் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. அதில் தமிழும் உண்டு. அம்மா படிக்க முடியாத மொழியில் எழுதிக் காட்டிவிட்டு, அவர் விரலால் அழுத்தியதை ஒப்புதல் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இலவசச் செயலிகள் எப்படிப் பணம் ஈட்டுகின்றன?

எல்லாம் தரவை விற்பதில்லை. சில செயலிகள் சந்தாவிலும் சில மருந்து விற்பனையிலும் ஈட்டுகின்றன. ஆனால் விளம்பர நிறுவனங்கள் எழுதித் தரும் நிரல்துண்டுகள் பல செயலிகளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள், எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்பதை அவை தம் எஜமானருக்கு அனுப்பிவைக்கின்றன.

அமெரிக்காவில் இதற்கு ஆவணப்பூர்வமான சான்றுகள் உள்ளன. ஃப்ளோ என்ற மாதவிடாய்க் கணிப்புச் செயலி, தனிப்பட்டதாகவே வைத்திருப்போம் என்று வாக்களித்திருந்தும், கருவுற்றிருப்பது போன்ற விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களின் பகுப்பாய்வுச் சேவைகளுக்கு அனுப்பியதாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2021இல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. மருந்துத் தள்ளுபடிச் செயலியான குட்ஆர்எக்ஸ் 2023 பிப்ரவரியில் 15 லட்சம் டாலர் தண்டம் செலுத்த ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே, ஆன்லைன் மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் மீது 78 லட்சம் டாலர் சுமத்தப்பட்டது. மனநல உதவி தேடி வந்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் அவர்கள் நிரப்பிய வினாப்படிவத்தின் விவரங்களையும் விளம்பரத்துக்காகப் பகிர்ந்தது என்பது அதன் மீதிருந்த குற்றச்சாட்டு. மனம் உடைந்து ஒருவர் எழுதிய பதில் இன்னொருவரின் விளம்பரப் பட்டியலுக்குப் போவதைவிட மோசமான நம்பிக்கைத் துரோகம் இருக்க முடியாது.

"பெயரை நீக்கிவிட்டுத்தான் பகிர்கிறோம்" என்கிறார்களே, அது போதாதா?

போதாது. 1990களில் மாசசூசெட்ஸ் மாநிலம் தன் ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. அப்போது மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி அதையும் வாக்காளர் பட்டியலையும் ஒப்பிட்டு, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வைத்து ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவையே கண்டுபிடித்துவிட்டார். நடமாட்டத் தரவு இன்னும் எளிது. 15 லட்சம் பேரின் கைப்பேசி நடமாட்டத்தை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் இருந்தாலே 95 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டியது. வீடு, அலுவலகம், கோயில், மருத்துவமனை, நான்காகிவிட்டதே!

ஓட்டப்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா, பயனர்கள் ஓடிய பாதைகளை ஒளிக்கோடுகளாகக் காட்டி வெளியிட்ட வெப்ப வரைபடத்திலும் பெயர் எதுவும் இல்லை. ஆனால் ஆளில்லாத பாலைவனத்தின் நடுவே ஒளிர்ந்த கோடுகள், ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய பாதைகள் என்பது 2018 ஜனவரியில் உலகத்துக்கே தெரிந்துவிட்டது.

ஆபா எண் எடுப்பது கட்டாயமா? அதில் என் பதிவுகள் எல்லாம் டெல்லிக்குப் போய்விடுமா?

கட்டாயமில்லை. மருத்துவப் பதிவுகளை இணைப்பதற்காக ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின்கீழ் தரப்படும் 14 இலக்க அடையாள எண் அது. அது இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. திட்டத்தின் வடிவமைப்புப்படி பதிவுகள் உருவான மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோதான் இருக்கும். உங்கள் ஒப்புதலோடு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் காட்டப்படும். நல்ல வடிவமைப்பு என்றே சொல்வேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கோவிட் தடுப்பூசிச் சான்றிதழில் தாங்கள் கேட்டுப் பெறாத ஓர் அடையாள எண் அச்சாகியிருந்ததைப் பலர் பிறகுதான் கவனித்தார்கள். இப்போதும், புறநோயாளிச் சீட்டு வாங்கும் வரிசையில் காய்ச்சலோடு நிற்பவரிடம் "ஓடிபி சொல்லுங்கம்மா" என்று கேட்டு எண்ணை உருவாக்கிவிடும்போது, விருப்பத்தின்பேரில் என்பதற்கு அந்த இடத்தில் என்ன பொருள் இருக்கிறது? அப்படி உருவான எண்ணை நீக்கவோ முடக்கவோ வழி உண்டு. அதையும் அதே வரிசையில் சொல்ல வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் போன்ற அரசுத் திட்டங்களில் எடுக்கப்படும் விவரங்களுக்கும் ஒப்புதல் வேண்டுமா?

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய அந்தத் திட்டம், வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறது. நகரத்து மருத்துவமனைக்குப் போக முடியாத எத்தனையோ முதியவர்களுக்கு அது பெரிய உதவி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மானியம், நலத்திட்டம், சேவை ஆகியவற்றை வழங்குவதற்கு அரசு தனி ஒப்புதல் இல்லாமலேயே தரவைக் கையாளலாம் என்று புதிய சட்டத்தின் 7ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆகவே இங்கே காப்பாக நிற்க வேண்டியது அரசின் சொந்த ஒழுங்குதான். எந்தப் பணிக்காக எடுக்கப்பட்டதோ அதற்கு அப்பால் அந்த விவரம் போகக் கூடாது. திண்ணையில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது அளவை உரக்கச் சொல்லாமல் இருப்பதும் தரவுப் பாதுகாப்புதான்.

தரவு கசிந்தால் உண்மையில் என்ன ஆகும்?

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கின. பதிவு, ஆய்வக முடிவு, பில் எல்லாம் பல நாள்கள் கையால் எழுதப்பட்டன. 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராம் செயலியின் பாட்கள் (தானாகப் பதில் தரும் கணக்குகள்) வழியே கிடைப்பதாகச் செய்தி வந்தது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது.

ஆனால் நான் மறக்க முடியாதது பின்லாந்தில் நடந்தது. வஸ்தாமோ என்ற உளவியல் சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகளைத் திருடியவர், 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே தனித்தனியாக எழுதி, பணம் தராவிட்டால் சிகிச்சையாளரிடம் பேசியதை வெளியிடுவேன் என்று மிரட்டினார். பாதிக்கப்பட்டவர்கள் 30,000 பேருக்கு மேல். 2024இல் குற்றவாளிக்கு ஆறாண்டுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. திருட்டுப் போன பணத்தை மீண்டும் ஈட்டிவிடலாம், கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். ஊர் அறிந்துவிட்ட நோயை மாற்ற முடியாது.

அறிக்கைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

மருத்துவருக்கு நேரடியாக அனுப்பலாம். 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்களும் இத்தகைய தளங்களை அனுமதிக்கின்றன. குடும்பக் குழுவில் போடாதீர்கள். கைப்பேசியில் தானாகச் சேமிக்கப்படும் படங்கள் எத்தனை பேர் கையில் போகும் என்று கணக்கிடவே முடியாது. ஒருமுறை என் எண்ணுக்கு ஓர் ஆய்வகத்திலிருந்து யாரோ ஒரு பெண்ணின் அறிக்கை வந்தது. பதிவு செய்தவர் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்திருக்கிறார். இணைப்பைத் தொட்டதும் கடவுச்சொல் எதுவும் கேட்காமல் பெயர், வயது, மருத்துவர் பெயர், கருத்தரிப்புச் சோதனையின் அளவுகள் எல்லாம் திறந்துகொண்டன. நான் அழைத்துச் சொன்னபோது, "அழிச்சிடுங்க சார்" என்று மட்டும் பதில் வந்தது. அந்தப் பெண்ணுக்கு இது நடந்ததே தெரியாது. ஆய்வகத்தில் எண் கொடுக்கும்போது திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் எல்லோரும் ஒரே கைப்பேசியைப் பயன்படுத்துகிறோம். என்ன செய்வது?

பெரும்பாலான வழிகாட்டிகள் இதைப் பேசுவதே இல்லை. நம் வீடுகளில் ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் செயலியையோ மனநல மருந்துச் சீட்டையோ அவர் விரும்பாமல் முதலில் பார்ப்பவர் ஹேக்கர் அல்லர், வீட்டில் உள்ளவர்தான். செயலிக்குத் தனிப் பூட்டு போடுங்கள். அறிவிப்புகளின் உள்ளடக்கம் பூட்டிய திரையில் தெரியாதபடி வையுங்கள். நினைவூட்டலில் மருந்தின் பெயருக்குப் பதில் "காலை மாத்திரை" என்று எழுதுங்கள். மகன், மருமகள் என்று உதவி செய்கிறவர்கள் பெரியவர்களின் கடவுச்சொல்லை வைத்திருந்தால், எதைப் பார்க்கிறோம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் பார்ப்பதே மரியாதை.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு?

புதிய சட்டத்தின்படி பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. சிகிச்சைக்குத் தேவையான அளவில் மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் விலக்கு உண்டு.

செயலியை நீக்கினால் தரவும் அழிந்துவிடுமா?

அழியாது. கைப்பேசியிலிருந்து படக்குறி போகும், நிறுவனத்தின் சர்வரில் கணக்கு அப்படியே இருக்கும். முதலில் உங்களுக்கு வேண்டிய பதிவுகளைத் தரவிறக்குங்கள், பிறகு செயலிக்குள் சென்று கணக்கை நீக்குங்கள், அதன் பிறகே செயலியை நீக்குங்கள். கணக்கு தொடங்க வைக்கும் செயலிகள் அதை நீக்கவும் வழி தர வேண்டும் என்று ஆப்பிள், கூகுள் இரண்டின் செயலிக் கடைகளும் விதித்திருக்கின்றன. நிறுவனம் கைமாறும் செய்தி வந்தால் தள்ளிப்போடாதீர்கள். மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் மனு தாக்கல் செய்தபோது, வாடிக்கையாளர்களின் மரபணு விவரமும் விற்பனைக்குரிய சொத்துகளில் ஒன்றாக நின்றது. மரபணு என்பது ஒருவருடையது மட்டுமல்ல, உடன்பிறந்தவர்களுடையதும் பிள்ளைகளுடையதும்கூட.

புகாரை எங்கே கொடுப்பது?

முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். செயலியின் பெயர், தேதி, திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்) எல்லாவற்றையும் இணைத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். புதிய சட்டம் முழுமையாக அமலானபின், அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம். கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாமதமின்றித் தெரிவிப்பதும் நிறுவனத்தின் கடமையாகும். மிரட்டலோ பணமோசடியோ சேர்ந்திருந்தால் காத்திருக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

ஒருவர் இறந்தபின் அவருடைய தரவு என்ன ஆகும்?

தாம் இறந்தாலோ செயலிழந்தாலோ தம் உரிமைகளைப் பயன்படுத்த இன்னொருவரை நியமிக்கும் வசதியை 2023 சட்டத்தின் 14ஆவது பிரிவு தருகிறது. வங்கிக் கணக்கில் நியமனதாரர் (நாமினி) பெயர் எழுதுவதுபோலத்தான். அம்மாவிடம் இதைச் சொன்னபோது சற்று யோசித்துவிட்டு, என் தங்கையின் பெயரைச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அது அவருடைய முடிவு.